ரீலைப் பற்றி மட்டும்

பிப்ரவரி 9

வணக்கம்.

கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே ஓரமாகப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரீல் கெட்டுவிட்டது. கல்யாணமான புதிதில் நீ வாங்கித் தந்த அதே தூண்டில் ரீல்தான். சுற்றினால் கல்லை மெல்லுகிற மாதிரி சத்தம். வீசினால் பாதி வழியில் இடறி நின்றுவிடுகிறது.

இங்கே ஏரி இருக்கிறது, பம்ப் ஸ்டேஷன் இருக்கிறது, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு என் அறை இருக்கிறது. ரீலைத் திறந்து மூடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்படியே இருந்தாலும் வேறு கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்று, நீ வர மாட்டேன் என்று சொன்ன அன்று, வாசலில் நின்று, "அந்த ரீலையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாய். நீ கடைசியாக என்னோடு பேசியது அதுதான். வருஷம் ஒன்று ஆகிவிட்டது. அனுப்பலாமா?

இப்படிக்கு,
பம்ப் ஆபரேட்டர்


பிப்ரவரி 17

ஏரிக்காரருக்கு,

அனுப்புங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ரீலைப் பற்றி மட்டும் எழுதவும். யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு, சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் வேண்டாம். அதையெல்லாம் படிக்க எனக்குத் தெம்பில்லை.

பழுது பார்க்கிற கூலி கிடையாது. பல் செட் செய்கிற கூடத்தில் எனக்கு மதிய இடைவேளை சும்மாதான் போகிறது.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவள்


மார்ச் 6

ஏரிக்காரருக்கு,

ரீலைத் திறந்தேன். உள்ளே மணல், ஒரு கொசுவின் இறக்கை, அப்புறம் ஒரு வாசனை. எனக்குத் தெரிந்த வாசனை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ரீலுக்குப் போட்டிருக்கிறீர்கள். அது உறைந்து, மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிசின் மாதிரி ஆகிவிட்டது. ரீலுக்கு முடி வளரும் என்று நினைத்தீர்களா?

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினேன். சக்கரத்தின் பல்லிடுக்கை, பல் செட்டுக்கு மெருகேற்றுகிற பிரஷ்ஷால் தேய்த்தேன். என் பிழைப்பே பல்லோடுதானே. பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, சக்கரத்துக்குக் கிரீஸ் கொஞ்சம். மாற்றிப் போடக் கூடாது. அதிகமாகவும் போடக் கூடாது. நல்லதாயிற்றே என்று எதையும் கொட்டிவிடுகிற பழக்கம் உங்களுக்கு.

கைப்பிடியில் ஒரு சின்ன ஆட்டம் மிச்சம் இருக்கிறது. இந்த முறை அதைத் தொடவில்லை.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவள்


மார்ச் 20

பழுது பார்ப்பவளுக்கு,

ரீல் பேச ஆரம்பித்துவிட்டது. நிபந்தனையை மீறவில்லை, ரீலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விடிகிற நேரத்தில் அதைக் கரைக்கு எடுத்துப் போனேன். பனி இறங்கி, ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வீசினேன். தூண்டில் நரம்பு ஒரு பெருமூச்சு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தூண்டில் தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. தண்ணீரில் விழுந்ததா, மேகத்தில் விழுந்ததா, தெரியாது. ரீலுக்கும் தெரியவில்லையாம்.

ரீல் ஜன்னலோரம்தான் படுக்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே குழம்பை மூன்று வேளைக்கு வைத்துக்கொள்கிறது. பம்ப் ஓடுகிற அதிர்வில் கட்டில் லேசாக நடுங்குவது முதலில் பிடிக்கவில்லையாம், இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லையாம். அதற்கு யாரோடாவது பேச வேண்டும் போல இருக்கிறது.

கைப்பிடி ஆட்டம் கூடிவிட்டது. அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பம்ப் ஆபரேட்டர்


ஏப்ரல் 11

ஏரிக்காரருக்கு,

உங்கள் ரீலுக்கு வாய் நீளம்.

கைப்பிடியைச் சரிசெய்துவிட்டேன். பழைய பேரிங்கை எடுத்துவிட்டு வழவழப்பான புதுசு போட்டிருக்கிறேன். பெரிய மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற வாஷர்கள் தேய்ந்து கிடந்தன, அவற்றையும் மாற்றியாகிவிட்டது. இழுத்துப் பிடிக்கவும் வேண்டும், அறுந்துபோகாமல் விடவும் வேண்டும். அதற்குத்தான் அந்த வாஷர். எங்கே எவ்வளவு விடுவது என்பதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே இருந்தபோது ரீல் பார்த்ததைக் கேட்டீர்களானால், அது என் மேஜையில், பிறருடைய பற்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. வீட்டிலும் கூட வந்தது. சாயங்காலம் விளக்குப் போடாமல் ஒருத்தி ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. அவ்வளவுதான். அது மேற்கொண்டு எதுவும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நரம்பை இடமும் வலமுமாகப் பரப்புகிற குட்டிக் கொக்கி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அடுத்த முறை பார்க்கலாம்.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவள்


ஏப்ரல் 29

பழுது பார்ப்பவளுக்கு,

கொக்கிக்காக அனுப்பியிருக்கிறேன். கூடவே ரீலுக்கு ஒரு கவலை.

ஆபீஸிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இந்த ஏரியிலேயே நிரந்தரமாக இருக்கிறாயா, இல்லை பழைய இடத்துக்கே திரும்புகிறாயா என்று. மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ரீலுக்கு இந்தத் தண்ணீர் பிடித்துப் போயிருக்கிறது. ஆனால் கதவு திறக்குமா என்று தெரியாமல் அங்கே திரும்பி வரவும் பயம். இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் அதற்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர்ப் பல் டாக்டர் மீன் பிடிக்க வருகிறார். பல் செட்டுக்கு அளவெடுத்து வெளியூருக்கு பஸ்ஸில் அனுப்புகிறாராம், கோணல்மாணலாகத் திரும்பி வருகிறதாம். அந்த வேலை தெரிந்த ஆள் ஒருத்தர் தன் பக்கத்திலேயே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று புலம்பினார். ரீல் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொல்கிறது.

ரீல் எங்கே இருக்கட்டும்? நீ சொல்வதை அது கேட்கும்.

இப்படிக்கு,
பம்ப் ஆபரேட்டர்


மே 14

ஏரிக்காரருக்கு,

கொக்கி மாற்றியாகிவிட்டது. வீசும்போது உருளை கட்டுமீறிச் சுழலாமல் பிடிக்கிற பிரேக்கையும் புதிதாக வைத்திருக்கிறேன். இந்த முறை எதையும் மிச்சம் வைக்கவில்லை. இனி இதை எனக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இருக்காது.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவள்


மே 21

பழுது பார்ப்பவளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எப்படிப் படித்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை நீ மிச்சம் வைப்பாய். அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் கடிதம் எழுதினேன். இப்போது ரீலில் குறையே இல்லை.

நிரந்தரமாக இருக்கிறேன் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். அதை ஜன்னலில் வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை வீசிப் பார்க்கலாம் என்று கரைக்குப் போனேன்.

வழக்கமான ஈயக்குண்டைக் கட்டி வீசினேன். குண்டு போவதைவிட வேகமாக உருளை சுழன்று, நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது. பிரித்தெடுத்து மறுபடி வீசினேன், மறுபடி கூடு. உன் கை வைத்த பிரேக் இப்படி இருக்காதே என்று யோசித்துக்கொண்டே அறைக்கு வந்து, நீ ரீலை அனுப்பிய பெட்டிக்குள் திருப்புளியாவது இருக்குமா என்று பஞ்சை விலக்கினேன்.

அடியில் ஒரு மீன் இருந்தது. ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பிசினில் வார்த்த குட்டி மீன். வாயில் வரிசையாக நல்ல மனுஷப் பல். என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வயிற்றில் தூண்டில் முள்ளும் மாட்டியிருக்கிறாய்.

அதைக் கட்டி வீசினேன். சிக்கவே இல்லை. அந்திப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது, எனக்கு அது பறப்பதாகத்தான் பட்டது. இந்த மீனின் எடைக்குத்தான் பிரேக்கை வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் என் கட்டை விரல் பட்டால் உருளை சட்டென்று நின்றுவிடுகிறது. என்னுடையதைவிட லேசான விரலுக்கு வைத்தது மாதிரி இருக்கிறது.

இதை யார் கைக்கு வைத்தாய்? தப்பாக ஆசைப்பட்டுவிடுவேனோ என்று நானாக எதையும் முடிவு செய்யவில்லை. ஒட்டிய உறை ஜன்னலிலேயே இருக்கிறது. மாதம் முடிவதற்குள் எழுது.

இப்படிக்கு,
ஜன்னலோரம் காத்திருக்கிறவன்


மே 26

அன்புள்ள உங்களுக்கு,

என் கைக்கு.

கதவுக்குப் பின்னால் நீங்கள் விட்டுப்போன பழைய தூண்டில் கம்பு இருந்ததே, அதில் ரீலை மாட்டி மொட்டைமாடியில் வீசிப் பழகினேன். முதலில் எனக்கும் குருவிக்கூடுதான். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்து, தண்ணீரே இல்லாத இடத்தில் என்ன பிடிக்கிறாய் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஈயக்குண்டு எனக்குக் கனம், அதனால் மீன் செய்துகொண்டேன். பல் கொஞ்சம் அதிகப்படிதான். கை சும்மா இருக்கவில்லை.

நான் அனுப்ப வேண்டாம் என்றது ரீலைத்தான், உங்களை அல்ல. சுருக்கமாக எழுதினால் தைரியமாக இருப்பேன் என்று நினைத்தேன். உங்களை நோகவைத்திருக்கிறேன் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த உறையைக் கிழித்துப் போடுங்கள். ஆபீஸில் இன்னும் ஒரு மாதம் தவணை கேளுங்கள். கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். பார்க்கத்தான் வருகிறேன், இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த டாக்டரிடம் கோணலாக வந்த பல் செட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எங்கே தப்பு என்று பார்க்கிறேன். கட்டில் நடுங்குமா என்பதையும் பார்த்துவிடுகிறேன்.

நான் வந்து சேர்கிறவரை ரீலின் பிரேக்கைத் திருகாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், நிபந்தனையை மாற்றிவிட்டேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, எல்லாம் எழுதுங்கள். இனி ரீலைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி