திறப்பதா, துளைப்பதா

மார்ச் 4

காலையில் மூன்று பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது ஆள் நாற்சந்தியில் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என்னையே கேட்டான். பின்னால் ஒரே ஹாரன். என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து முட்டி வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதை. இவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இவருக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. புற்றுநோய்தான். ஆனால் வெட்டி எடுக்க முடிகிற நிலை, எல்லாருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்காது என்று சர்ஜன் அம்மா போன வாரமே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து, நடுவில் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் ‘வயிற்றைத் திறந்து’. வலது பக்கம் ‘துளை போட்டு’. லிப்ட் மெக்கானிக் அல்லவா, மோட்டார் வாங்கும்போதும் இப்படித்தான் எழுதுவார்.

மார்ச் 7

வீடியோ அண்ணன் வந்தார். இவருடைய கூடப்பிறந்த அண்ணன்தான். பொழுது விடிந்து பொழுது போனால் போனில் ஏதாவது வீடியோ அனுப்பிக்கொண்டே இருப்பதால் மனதுக்குள் நான் வைத்த பெயர்.

“தம்பி, அஞ்சே அஞ்சு ஓட்டை. மூணாம் நாளே எழுந்து நடக்கறான் பாரு.”

வீடியோவில் நடக்கிறவருக்கு எடுத்தது பித்தப்பை. கணையம் இல்லை. கீழே எழுதியே இருக்கிறது. சொன்னேன். “எல்லாம் வயிறுதானேம்மா” என்றார்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, திறந்து, கையை விட்டுத் தொட்டுப் பார்த்து எடுத்தாத்தான் மிச்சமில்லாம வரும். அண்ணன்கிட்ட சொல்லுங்க.” இவள் எப்போது யார் வயிற்றில் கையை விட்டுப் பார்த்தாள்?

மார்ச் 13

மறுபடியும் சர்ஜன் அம்மா. இவர் காகிதத்தை நீட்டினார். அவர் முழுவதும் படித்தார். நானாக இருந்தால் கிழித்திருப்பேன்.

“ரெண்டுலயும் உள்ளே செய்யறது ஒரே வேலைதான். கணையத்தோட தலை, பித்தப்பை, குடல்ல கொஞ்சம், எல்லாத்தையும் எடுத்துட்டு மிச்சத்தைக் குடலோட சேர்த்துத் தைக்கணும். துளை வழியா செஞ்சா காயம் சின்னது, நேரம் கூட ஆகும். திறந்தா காயம் பெரிசு, என் கைக்கு இடம் இருக்கும். உள்ளே தையல் கசிஞ்சா ரெண்டுலயும் ஆபத்துதான்.”

“எது நல்லது டாக்டர்?”

“அதைத்தான் இங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம். நீங்க சேர்ந்தா, எந்த வழின்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அஞ்சு நாளைக்கு உங்களுக்கும் சொல்ல மாட்டோம், வார்டு நர்ஸுக்கும் சொல்ல மாட்டோம். எல்லாருக்கும் வயிறு பூரா ஒரே மாதிரிக் கட்டு.”

“ஏன் மறைக்கணும்?”

“தெரிஞ்சா, வலி எவ்வளவுன்னு சொல்றதே மாறிடும்.”

“என் வயிறு என்ன லாட்டரியா?” என்று இவர் எழுந்துவிட்டார்.

அந்த அம்மா என்னை மட்டும் நிறுத்தினார். “சேரலைன்னா பரவாயில்லை. ஏதாவது ஒரு வழியைச் சொல்லுங்க, செய்யறேன். தேதியை மட்டும் தள்ளாதீங்க. இப்போ கட்டிக்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவுல இடைவெளி இருக்கு. அது போயிட்டா கஷ்டம்.”

காரில் இவரிடம் அப்படியே சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 20

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். இவர் தள்ளிப்போட்டார். இன்னொரு மருத்துவமனையில் ரோபோ இருக்கிறதாம், அதையும் கேட்க வேண்டுமாம்.

என்ன மனுஷன் இவர்? கட்டியால வந்த காமாலை, கண்ணுல மஞ்சள் இன்னும் முழுசாப் போகலை, ரோபோ வீடியோ பாத்துட்டு உட்கார்ந்திருக்கார். கத்திட்டேன். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க, காகிதத்துல கோடு போடாதீங்கன்னு. எனக்கு மட்டும் பயமில்லையா?

மார்ச் 21

காகிதத்தில் இன்னொரு கோடு. ரோபோவுக்கு.

ஏப்ரல் 3

ரோபோ டாக்டரைப் பார்க்க இத்தனை நாள் காத்திருந்தோம். அவர் நேர்மையான ஆள். “இந்த ஆபரேஷனுக்கு நாங்க இப்பத்தான் பழகிட்டிருக்கோம். அவங்ககிட்டயே போங்க” என்றார்.

திரும்பும்போது இவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். “அந்தக் குலுக்கலுக்கே கையெழுத்து போட்டுடறேன். நானே ஒண்ணைச் சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா? உன்னை நானே கைவிட்ட மாதிரி ஆயிடும்.”

இத்தனை நாளும் இதுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். அழுது முடித்ததும் திட்டினேன்.

ஏப்ரல் 10

இன்று ஆபரேஷன். காத்திருக்கும் அறையில் வீடியோ அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “இவ்வளவு நேரமாகுதுன்னா ஓட்டைதான்” என்றார். “கஷ்டமான கேஸ்னா திறந்தாலும் நேரமாகும்” என்றாள் நாத்தனார். பந்தயம் கட்டாத குறை.

சர்ஜன் அம்மா வந்தார். கன்னத்தில் முகக்கவசத்தின் தடம். “கட்டியை எடுத்தாச்சு.”

“ஓட்டையா டாக்டர், திறந்தா?” இதைக் கேட்டது அண்ணன். வேறு யார் கேட்பார்கள்?

“அஞ்சாம் நாள் சொல்றேன்.”

ஏப்ரல் 12

மார்பிலிருந்து அடிவயிறு வரை ஒரே வெள்ளைக் கட்டு. நாத்தனார் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். வயிற்றின் பக்கவாட்டில் செருகியிருக்கும் குழாயில் வரும் நீரின் நிறத்தை நர்ஸ் பார்த்துவிட்டுப் போகிறார், நானும் பார்க்கிறேன். கசியக் கூடாது. அது போதும்.

ஏப்ரல் 15

கட்டைப் பிரித்தார்கள். சின்னச் சின்னதாக ஐந்து துளைகள். நடுவில் மேலிருந்து தொப்புளைத் தாண்டி ஒரு நீளத் தையல். இரண்டும்! அண்ணனும் ஜெயிக்கவில்லை, நாத்தனாரும் ஜெயிக்கவில்லை. அதற்காகவாவது சந்தோஷப்பட்டிருக்கலாம்.

“குலுக்கல்ல துளை வழிதான் வந்தது, அப்படித்தான் ஆரம்பிச்சேன்” என்றார் சர்ஜன் அம்மா. “கட்டி ரத்தக்குழாயோட ஒட்டியிருந்தது. முதல் ஸ்கேன்ல இருந்த இடைவெளி இல்லை. பிடிவாதம் பிடிச்சா ரத்தம் கொட்டிடும். நிறுத்திட்டு, திறந்துட்டேன்.”

இடைவெளி இல்லை. மார்ச்சில் இருந்தது. ‘அன்றைக்கே தேதியைத் தள்ளாமல் இருந்திருந்தால்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

போகிற தெரு சரியில்லை என்றால் நிறுத்தி ரிவர்ஸ் எடு என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருத்தனும் எடுப்பதில்லை. அந்த அம்மா எடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 18

கசிவு இல்லை. குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. சோதனை முடிவு இன்று சொன்னார்கள். எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை. ரத்தக்குழாய்ப் பக்கம் மட்டும் மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதனால் கீமோ கட்டாயம் வேண்டும்.

செய்தி போன சூட்டோடு வீடியோ அண்ணன் அனுப்பிவிட்டார்: ‘கீமோ - மாத்திரையா, ஊசியா? எது சிறந்தது?’ இவர் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். “எந்த மருந்துன்னு அவங்களே சொல்லட்டும். எப்போ ஆரம்பிப்பாங்கன்னு மட்டும் கேளு.”

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். காயம் ஆறணும், அடுத்த மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றாள் தேதி கொடுக்கும் பெண். இவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து போனை வாங்கி, அதற்கு முன்னால் ஒரு தேதி கிடைக்காதா என்று கேட்டார்.