புனல் ஒழுகவில்லை

நாள் 41. காலை 6.10. ஆழம் 400 மீட்டர், கடலுக்குள் இறக்கிய ஆய்வுக் கூண்டில் தனியாக.
காற்று உருளைகள் நான்கு. செத்த பாசி, மீன் கழிவு என மேலிருந்து விழும் துகள்கள்: பிடிக்கத் தொங்கவிட்ட மேல் புனலில் 212, நூறு மீட்டர் கீழேயுள்ள புனலில் 97. வழக்கம்போல் மூன்று முறை எண்ணினேன். பாதிக்கு மேல் காணோம். பிழை என்னுடையதாகத்தான் இருக்கும்.

நாள் 43. காலை 9.30.
பிழை இல்லை. துகள்களை இரண்டு ஜாடிகளில் இட்டேன். ஒன்றில் வெறும் கடல்நீர். மற்றதில் துடுப்புக்காலிகள் எனும், எள்ளைவிடச் சிறிய சிற்றுயிர்கள் முப்பது. வெறும் நீரில் துகள்கள் அப்படியே இருக்கின்றன. துடுப்புக்காலிகள் கடித்து உதறித் தூளாக்கிவிட்டன. அந்தத் தூளை நுண்ணுயிர்கள் கரைக்கின்றன.
பதினோரு ஆண்டுகளுக்கு முன்பும் இதே குறைவைப் பார்த்தேன். என்னை நம்பாமல், "புனல் ஒழுகுகிறது, சிற்றுயிர்களின் பங்கு சொற்பம்" என்று அறிக்கை எழுதினேன். அதை நம்பித்தான் மேலே கப்பலில் இருக்கும் நிறுவனம் வளைகுடா முழுக்கப் பசைத்தூள் தூவப்போகிறது. துகள்கள் கட்டியாகி அடியில் புதைந்தால் புவியைச் சூடாக்கும் கரியும் அவற்றோடு புதையுமாம். தூவலாம் என்று நான் சான்று தர வேண்டும்.

நாள் 44. பகல் 2.15.
இரண்டாம் ஜாடியில் ஒரு சிட்டிகைப் பசைத்தூள். துடுப்புக்காலிகளின் கால்கள் ஒட்டிக்கொண்டன. நாற்பது நிமிடத்தில் முப்பதும் செத்தன. இவற்றைத் தின்று வாழும் நெத்திலிக்கு இனி என்ன கிடைக்கும்? கப்பலுக்குச் சொன்னேன். பணித்தலைவர் கனிஸ்டன் பதில்:
"சாரே, நீங்களே எழுதின அறிக்கைதானே? இப்ப பூச்சிக்கு வக்காலத்தா? வீட்டுப் பூட்டையே மூணு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீங்க. பேசாம கையெழுத்து போடுங்க."
"போட மாட்டேன், தம்பி" என்றேன். பதினோரு ஆண்டுத் தாமதம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நாள் 46. காலை 7.00.
கனிஸ்டன்: "சாரே, உங்கள மேல தூக்குற எந்திரம் பழுது. கையெழுத்து வந்தா சரியாயிடும்." அதோடு பேச்சு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்; கையெழுத்தை அனுப்பும் பொத்தான் மட்டும் இயங்குகிறது. மீதிக் காற்று உருளை ஒன்று. இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும்.
நான் செத்தாலும் அந்தப் பழைய அறிக்கை உயிரோடிருக்கும். அதுதான் பயம்.

காலை 11.20.
ஆபத்துக்கென்று கூண்டில் இருக்கும் செய்தி மிதவை மேலே போக, அதன் பையை நிரப்ப முழு உருளை வேண்டும். மூச்சுக்கா, மிதவைக்கா? மூன்று முறை யோசித்தேன். மூன்று முறையும் ஒரே விடை: மிதவைக்கு. எனக்கே வியப்பு. நீரோட்டம் கரையை நோக்கி இருக்கிறது.

11.50.
கண்டெடுப்பவருக்கு: ஜாடிகள் இரண்டும் உள்ளே. எண்ணிக்கைத் தாள்களும். முனைவர் ஞானசிகாமணி, வயது 71, என் அறிக்கையை நானே ரத்து செய்கிறேன். வளைகுடாவில் பசைத்தூளைத் தூவ விடாதீர்கள்.
கனிஸ்டன், அவை பூச்சி இல்லை.

12.05.
குறிப்பேட்டை மிதவைக்குள் வைத்து மூட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே விளக்கொளியில் ஒரு துகள் விழுகிறது. துடுப்புக்காலி ஒன்று பிடித்துவிட்டது. கடிக்கிறது. உதறுகிறது. துண்டுகள் ஐந்து.
ஒரே முறைதான் எண்ணினேன். போதும்.