வலது ஓரம் விழாத தாள்

என்னங்க,

உங்க போன் வீட்டுலயே கிடக்கு, அதான் எழுதுறேன். எங்க ஆஸ்பத்திரிக்காரங்க சேர்ந்து எழுதுற விக்கி தளத்துல இருக்கிற மருந்து அளவுப் பக்கத்தை, நீங்க எழுதி ஊருக்கே இலவசமா விட்டிருக்கிற மென்பொருள்ல அச்செடுத்து நேத்து வார்டுல ஒட்டினேன். அதுல அகலமான அட்டவணை இன்னும் சரியா வரலைன்னு சொன்னீங்க, நான்தான் கேக்கலை. வலது ஓரம் தாள்ல விழவே இல்லை. குழந்தைங்க அளவு அங்கதான் இருந்துச்சு. இப்போ பெரியவங்க அளவு மட்டும்தான் தெரியுது. வார்டுல யாரும் போன் எடுக்கலை, தாளைக் கிழிக்க ஓடுறேன். சாப்பாடு மேசையில இருக்கு. நேத்து உங்ககிட்ட கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க.

பி.கு: ஐயோ, நம்ம வீட்டு பிரிட்ஜ் கதவுலயும் அதே தாளை ஒட்டியிருக்கேன்! காலையில பாப்பாவுக்கு இருமல் மருந்து எதைப் பார்த்து ஊத்தினீங்க? நான் முதல்ல பாப்பாவைப் பார்க்க ஸ்கூலுக்கு ஓடுறேன். நீங்க வந்ததும் அந்தத் தாளைக் கிழிக்க வார்டுக்கு ஓடுங்க.