புதன்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளவும்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி பாவனை மட்டும்.

புரட்டாசி, கல்யாணம் இல்லை என்பதால் போட்டோ ஸ்டூடியோவில் வேலை இல்லை. ஒரே ஒரு காதுகுத்து ஆல்பம். மத்தியானத்துக்குள் முடிந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு ஒரேயடியாகப் போய்விட்டது. திரையெல்லாம் பச்சைக் கோடுகள், பிறகு இருட்டு. இனி மாலையில் விளையாட்டு இல்லை. மனைவி செல்விக்கு ஏக சந்தோஷம். "ரெண்டு நாளாவது கூப்பிட்ட உடனே சாப்பிட வாரிய" என்கிறாள்.

புதுக் கார்டு வாங்கும் யோகம் நமக்கு இல்லை. பழைய சாமான் விற்கும் வாட்ஸப் குழுவில் தேடினேன். ஒன்று கிடைத்தது: "கிராபிக்ஸ் கார்டு, எட்டு ஜிபி, ஏழு வருடப் பழசு, நல்ல நிலை. ஸ்ரீவைகுண்டம். புதன்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளவும்." மற்றவர்கள் சொல்வதில் பாதி விலை.

முதலாளியிடம் காட்டினேன். "சல்லிசா வருதுன்னா எங்கயோ ஓட்டை இருக்குவே" என்றார். அவர் நல்ல வாக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஸ்ரீவைகுண்டத்து ஆளுக்குப் போன் போட்டேன். பெயர் இசக்கிமுத்து. சின்ன வயசுக் குரல், மிக நிதானம். ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன்:

1. பிட்காயின் காசு எடுக்க ராப்பகலாக ஓட்டியதா? - இல்லை. விளையாட்டு மட்டும்.
2. வெள்ளத்தில் நனைந்ததா? (வெள்ளத்தில் மூழ்கிய ஊர் என்பதால் கட்டாயம் கேட்க வேண்டும்) - இல்லை. அப்போது சென்னையில் அவனோடு இருந்தது.
3. பில், பெட்டி? - இரண்டும் உண்டு.
4. விசிறி? - போன மாதம் துடைத்தது.
5. ஏன் விற்கிறான்? - "இனிமே வேண்டாம் அண்ணாச்சி."

ஐந்துக்கும் டிக் போட்டாயிற்று.

பேச்சுக்குக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். சரி என்றான். அவ்வளவுதான், ஒரு முனகல் இல்லை. கூடவே கீபோர்டு, ஹெட்போன் சும்மா தருகிறானாம். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் கேள்விதான் வந்தது. திருட்டுப் பொருளா? வெள்ளம் பற்றிச் சொன்னது பொய்யா?

செல்வி: "ஏமாந்துட்டு வந்து என்கிட்ட மூஞ்சியைத் தூக்காதிய."

அக்டோபர் 12, ஞாயிறு

ஸ்ரீவைகுண்டம் போய் வந்தேன். அணைக்கட்டில் தண்ணீர் செம்மண் நிறம். பஸ்ஸை விட்டு இறங்கி வாழைத்தோட்டம் ஒட்டிய தெரு.

இசக்கிக்கு இருபத்தெட்டு இருக்கும். சென்னையில் கம்பெனி வேலை போய், வந்து ஆறு மாதம். அம்மா வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறாள். தங்கையைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டு வேம்பில் கட்டியிருந்த ஒரு நாய், இவன் வாசலைப் பார்த்தே அழுதுகொண்டிருந்தது. அம்மா சொன்னாள்: "இவன் வளத்ததுதான். முந்தாநாளு கொண்டுபோய் அவங்ககிட்ட குடுத்துட்டான். எதுக்குலேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டங்கான்."

பழைய கார்டை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது என் சட்டம். அவன் கம்ப்யூட்டரிலேயே சோதனை ஓடியது. சூடு எழுபத்தொரு டிகிரியைத் தாண்டவில்லை. கோடு இல்லை, சத்தம் இல்லை. சொக்கத் தங்கம்.

அந்த ஒரு மணி நேரமும் அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். என்னவென்று கேட்டேன்.

"அம்மைக்கு. கரண்டு பில்லு எப்படிக் கட்ட, கேஸுக்கு எந்த நம்பரு, எல்லாம் பெருசு பெருசா எழுதுதேன். அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

அறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. துணியெல்லாம் மடித்து ஒரே அட்டைப்பெட்டியில். வெளியூர் கிளம்புகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒன்பது வருடமாக விளையாடிச் சேர்த்த கணக்கு ஒன்று வைத்திருக்கிறான். அதன் பாஸ்வேர்டையும் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தான். "என் பேருலயே விளையாடுங்க, சரியா?" எனக்கு வாயெல்லாம் பல்.

ஆனாலும் கையோடு எடுத்து வரவில்லை. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இவ்வளவு நல்ல பொருளை எவனும் இந்த விலைக்குத் தர மாட்டான் என்ற சந்தேகம்.

"புதன்கிழமைக்குள்ள எடுத்துக்கிடுங்க. அதுக்குப் பொறவு நான் இருக்க மாட்டேன்" என்றான். சரி என்று பஸ் ஏறினேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் செல்வியிடம் யோசனை கேட்டேன், வாங்கலாமா என்று. சோதனை, சூடு, பில் எல்லாம் சொன்னேன். பேச்சுவாக்கில் நாயைப் பற்றியும் நோட்டைப் பற்றியும். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"கார்டைப் பாத்திய. அந்தப் பையனைப் பாத்தியளா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்க சித்தப்பா மகன் இப்படித்தான் இருந்தான். சைக்கிளைக் குடுத்தான், வாட்ச்சைக் குடுத்தான். நான் ஒரு ரேடியோ வாங்கிக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டோம்."

அப்படி ஒருவன் இருந்ததைக் கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில்லை.

போன் போட்டேன். இசக்கி எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாவதில் எடுத்தான். கார்டு எனக்குத்தான், இப்பவே வருகிறேன் என்றேன். கிளம்பும்போது செல்வி வாசல் வரை வந்தாள். "சுத்தி வளைக்காதிய. நேராக் கேட்டுருங்க. கேட்டா ஒண்ணும் ஆவாது, கேக்காமத்தான் ஆவும்."

பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. சரக்கு ரயில், முடிவே இல்லாத நீளம். பயந்தேன். ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டவன் நான். வெட்கமாகவும் இருந்தது.

போனபோது அம்மா தோட்டத்தில். அவன் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நின்றபடியே கேட்டேன்.

"இசக்கி, செத்துப்போவணும்னு நினைக்கியா?"

நிமிரவில்லை. திருகாணியைத் தரையில் வைத்தான்.

"செவ்வாக்கிழமை சாயந்தரம் அம்மை தங்கச்சி வீட்டுக்குப் போறா அண்ணாச்சி" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா சேறு பட்ட காலோடு வந்து எங்களைப் பார்த்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

வானம் மப்பு. இருவரையும் நேற்றே நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. காலையில் பாளையங்கோட்டையில் டாக்டர். இசக்கியோடு தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு எங்களிடம்: தனியே விடக் கூடாது, மாத்திரை வீட்டில் ஒருவர் கையில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மறுபடி வர வேண்டும். மாத்திரை செல்வியிடம்.

அம்மா அழவில்லை. "நாயைக் குடுத்தப்பவே கேட்டிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அந்த நாயை நானும்தான் பார்த்தேன்.

தங்கைக்குச் சொல்லியாயிற்று. புதன் மத்தியானம் வருவாள்.

செய்ய வேண்டியது: முதலாளியிடம் இரண்டு நாள் லீவு. பால் கூட அரை லிட்டர். சமையலறைச் சாவி செல்வியிடம்.

கார்டு அலமாரி மேல். பிரிக்கவில்லை. காசையும் அவன் வாங்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. இந்தப் புதன்கிழமை வராமலே இருந்திருக்கலாம்.

இசக்கி இரண்டு இட்லி சாப்பிட்டான். முதலாளி போனில் வந்து, "கார்டு எப்படிவே, ஓட்டை இருக்கா?" என்றார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பத்தரைக்கு இசக்கி, குளிக்கப் போகிறேன் என்றான். கதவைச் சும்மா சாத்தினால் போதும் என்றேன். தலையாட்டினான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

வெளியே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம். செல்வி அடுப்பை அணைத்துவிட்டுப் பைய வந்து நின்றாள். அவன் அம்மாவும் எழுந்து வந்தாள். மூன்று பேரும் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு.

தண்ணீர் சத்தம் நின்றது.

கூப்பிட்டேன். கதவைத் தட்டி மறுபடி கூப்பிட்டேன்.

"தலைக்குச் சோப்புப் போடுதேன் அண்ணாச்சி."

"தாழ்ப்பாளை எடுத்துட்டுச் சோப்புப் போடு" என்றேன்.

சற்றுக் கழித்துத் தாழ்ப்பாளை எடுத்தான்.