நர்சிங் பரீட்சைக்குப் போகுமுன்

ஆமத்தூர்ப் பக்கம் ‘டமார்’ என்றது. மாரிசெல்வியின் பேனா நின்றது. அடுத்த சத்தம் வரவில்லை. ஒற்றைச் சத்தம் என்றால் பட்டாசுக் கம்பெனியில் சோதனை வெடிதான். மூச்சுவிட்டு, தூங்கும் மகளுக்கான சீட்டைத் தொடர்ந்தாள்.

“எழில், இட்லி அவிச்சு வச்சிருக்கேன். சாவிய வெள்ளைத்தாய் அத்தைகிட்ட குடு. நான் நர்சிங் பரீட்சை எழுத மதுரை போறேன். நாப்பது சீட்டுக்கு ஆயிரம் பேரு.”

‘முப்பத்திமூணு வயசுல ரெட்டைச்சடை போடப் போறியாக்கும்?’ என்று நேற்று மகள் கேட்டது இன்னும் சுட்டது. சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“தீக்காய வார்டுல உசுரு போறதுக்கு முன்ன உங்கப்பா தண்ணி கேட்டாரு. குடுக்கலாமா, கூடாதான்னு தெரியாம, குடுக்காமலே நின்னுட்டேன். இன்னமும் கனவுல வந்து கேக்காரு, எழில்.”