சுவருக்கு ஒரு பொட்டு

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை இங்கே ஒரு கூத்து நடந்தது. தையல் மெஷினில் உட்காரும் முன் வழக்கம்போல அம்மாவின் விளக்கை ஏற்றினேன். நினைப்பு எங்கேயோ இருக்க, விரல் தானாகக் குங்குமத்தைத் தொட்டு, நீ அன்றைக்குக் கழற்றிக்கொண்டு போன லட்சுமி படம் இருந்த இடத்தில், வெறும் சுவரில் பொட்டு வைத்துவிட்டது.

உன் அத்தான் பார்த்துவிட்டார். “ஏன்டி, சுவருக்குப் பொட்டு வெச்சு யாருக்குக் கட்டிக் கொடுக்கப் போற?” என்று ஒரே சிரிப்பு. ஈரத்துணியால் துடைத்தேன். இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது. அதற்கு மேல் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது தினமும் அதற்குக் கீழேதான் பூ வைக்கிறேன்.

அங்கே நீ எந்த விளக்கை ஏற்றுகிறாய்? அம்மா விளக்கு என்னிடம் அல்லவா இருக்கிறது.

வீட்டுப் பங்குப் பேச்சையெல்லாம் வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். படத்தை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்பாதே. ஆணி உயரத்தில் இருக்கிறது. ஸ்டூலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். உன் அத்தான் மாட்டினால் லட்சுமி கோணலாகத்தான் உட்காருவாள். நீயே வந்து மாட்டு.

ஸ்டூலை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா