கலகக்காரர் பக்கத்துக்கு ஆளில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் தங்கையும் உங்கள் மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அழைத்தால் தங்கை போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் போர்ப் பலகை ஆட்டம் நிற்கவில்லை. அரசாங்கம் நான்தான். தையல்காரர் கடத்தல் கும்பல். கம்பவுண்டர் எனக்கு உதவ வந்த அந்நியப் படை. அவருக்குச் சேதமில்லாமல் ஊர் திரும்பினால் போதும். ஒரே மலைநாட்டில் நாலு பேருக்கு நாலு போர். வேறெந்த ஆட்டத்தில் இது உண்டு?

உங்கள் கலகக்காரர்களுக்குத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரை உட்கார வைத்தோம். அகராதியைப் புரட்டி நானே படித்த ஆங்கில விதிகளை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. தன் முறை வருவதற்குள் கொட்டாவி விட்டார். மறுவாரம் வரவில்லை. பாதிப் பொழுது காத்திருப்பு. தோற்கிறவன் போகிற போக்கில் யாரையோ ஜெயிக்க வைத்துவிடும் கொடுமை வேறு. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆளில்லாத பக்கத்தை நடத்தப் பெட்டியில் ஒரு விதித்தாள் உண்டல்லவா, இப்போது உங்கள் இடத்தில் அதுதான். நன்றாகவே ஆடுகிறது. ஆனால் பேரம் பேசாது. "நகரத்தைத் தொடமாட்டேன் மச்சான், நீங்க கடத்தல்காரனைப் பாருங்க" என்று சொல்லாது. வாக்குக் கொடுத்தால்தானே மீறுவதற்கு? போன வாரம் அதை ஜெயித்தேன். யாரும் திட்டவில்லை.

கடைசியாக ஆடிய அன்று நீங்கள் வாக்கை மீறி நகரத்துக்குள் புகுந்தது தவறுதான். "கலகக்காரன் கலகம் பண்ணாம கல்யாணமா பண்ணுவான், விடுங்கண்ணே" என்று தையல்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த ஆளை நம்பியா என் தங்கச்சியக் குடுத்தேன்" என்றேன். டீத் தட்டோடு அவள் வாசலில் நின்றதைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, "வாங்க, போகலாம்" என்று உங்களிடம் மட்டும் சொன்னாள்.

நகர விஷயத்தில் என் பேச்சு மாறாது. ஆனால் அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: கொடுத்த இடத்தை நினைத்து அண்ணன் ஒருநாளும் வருந்தியதில்லை.

இருவரும் நன்றாக இருங்கள். வந்தால் நகரத்துக்குள் தாராளமாகப் புகுந்து பாருங்கள். காவலை நான் குறைக்கப் போவதில்லை. அதற்கு முன், ஞாயிறு காலை போன் அடிப்பேன். அவளை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்